துளி அத்தரும் அரை நாள் பொறுமையும்

‘சென்ட்’ என்றாலே நம்மில் பலருக்கு இரண்டு எண்ணம்தான் வரும். ஒன்று, அது பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம். இரண்டு, கல்யாணத்துக்குப் போகிற அன்று ‘புஸ்’ என்று அடித்துக்கொண்டு, மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்குள் மறந்துவிடுகிற சமாச்சாரம். புடவை வாங்கினால் முந்தானையைப் பிரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். அரிசி வாங்கினால் நாலு மணியை வாயில் போட்டு மென்று பார்க்கிறோம். கத்தரிக்காயைக் கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடுவதில்லை. வாசனைச் சீசாவை மட்டும் மூடியைத் திறந்து ஒரே ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிடுகிறோம். அது ஏன்?

வாசனையையும் பரீட்சை செய்து வாங்கலாம் சகோதரிகளே. அதற்குத் தனியாகக் காசு வேண்டாம். அரை நாள் பொறுமையும் நம் சொந்தத் தோலும் போதும். அண்மையில் நாகூரில், தானே அத்தர் கலந்து விற்கும் ஒரு சின்னக் கடையில் நாங்கள் மூன்று பெண்கள் இப்படிப் பரீட்சை செய்து பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதையும், அதை ஒட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் பின்னால் வரும் பகுதியை அவசியம் படியுங்கள்.

நமக்குப் புதிது அல்ல

அத்தர் என்ற சொல் வேண்டுமானால் அரபியிலிருந்து வந்திருக்கலாம். வாசனை என்னவோ காவிரிக் கரைக்குப் பழசுதான். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரைப் பற்றிச் சொல்கிற சிலப்பதிகாரத்தில், சுண்ணப்பொடியும் சந்தனமும் பூவும் புகைப்பொருளும் விற்கிறவர்கள் தெருவில் நிற்கிறார்கள். மாதவி நீராடுகிற தண்ணீரில் 10 வகைத் துவர், 5 வகை வாசனைப் பொருள், 32 வகை மூலிகை ஊறியிருந்தன என்று கணக்கே கொடுத்திருக்கிறார் இளங்கோவடிகள். நம் வீட்டில் குழந்தைக்குத் தேய்க்கிற நலங்கு மாவுக்கு அரைக்கிற சாமான்களை எண்ணிப் பாருங்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் அது.

கலப்பதும் ஒரு கணக்குத்தான். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 16 பொருளை வைத்துக்கொண்டு, அதில் ஏதாவது நாலைச் சேர்த்தால் 1820 விதமாகச் சேர்க்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அதிலும் ஒன்றை ஒரு பங்கு, இன்னொன்றை இரண்டு பங்கு என்று மாற்றினால் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிப் போகும். நம் அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். அதே சாமான்கள்தான், ஆனால் எதிர்வீட்டு ரசம் வேறு, நம் வீட்டு ரசம் வேறு.

தஞ்சாவூர்க் கதம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகை மட்டும் வைத்துக் கட்டினால் அது மல்லிகைச் சரம். கூடவே மருக்கொழுந்து, வெட்டிவேர் எல்லாம் சேர்ந்தால்தான் கதம்பம். பூவின் இனிப்பும் இலையின் காரமும் வேரின் ஈர மணமும் ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கின்றன. பூ வாடினாலும் வேர் மணம் மறுநாளும் தலையணையில் இருக்கிறது பாருங்கள். ஒரு நல்ல அத்தர்க்காரர் செய்கிற வேலையும் இதுவேதான்.

நாகூரில் நாலு புட்டி

நாகூர் தர்கா நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாத இடம் இல்லை. சாகுல் ஹமீது பாதுஷா நாயகத்தின் அடக்கத்தலம். அங்கே உள்ள ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் பிரதாப சிங். வருஷாவருஷம் கந்தூரியில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு ஊர்வலமாக வந்து, ராத்திரியில் சமாதிக்குச் சந்தனம் பூசுகிறார்கள். எல்லா மதத்தாரும் போகிறோம், வருகிறோம். சந்தனமே பிரதானமான ஊரில் அத்தர்க் கடைக்குக் கேட்பானேன்!

நாங்கள் போன கடை ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். சுவர் முழுக்கக் கண்ணாடிப் புட்டிகள். மூல எண்ணெய்களை வடக்கே கன்னோஜ் ஊரிலிருந்து தருவித்து, பின்கட்டில் தானே கலக்கிறார் கடைக்கார பாய். என்னோடு வந்தவர்கள் என் நாத்தனாரும், ஐந்து மாதக் கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டுப் பெண்ணும்.

“எல்லாத்தையும் காட்டுங்க பாய்” என்றாள் அந்தப் பெண்.

“நாலுக்கு மேல வேணாம்மா. அஞ்சாவதுல மூக்கு பொய் சொல்லும்” என்றார் அவர்.

ரோஜா, வெட்டிவேர், மருக்கொழுந்து, மண் என்று நாலு புட்டியை எடுத்து வைத்தார். கண்ணாடிக் குச்சியால் இடது மணிக்கட்டில் ஒன்று, இடது முழங்கை மடிப்பில் ஒன்று, வலது கையிலும் அப்படியே இரண்டு என்று என் கையில் நாலு இடத்தில் தொட்டு வைத்தார். நாத்தனார் கையை நீட்டவில்லை. நான்தான் அவரது கையைப் பிடித்து நீட்ட வைத்தேன். குழந்தைக்காரப் பெண் கையை நீட்டியபோது, “கைப்பிள்ளை இருக்குல்லம்மா, நீங்க கைக்குட்டையில வாங்கிக்குங்க” என்று நாலு மூலையிலும் ஒவ்வொரு துளி வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “இப்ப வாங்க வேணாம். தர்காவுக்குப் போயிட்டு, சாப்பிட்டு, சாயங்காலம் ரயிலுக்கு முன்னாடி வாங்க. அப்ப எது புடிச்சிருக்கோ அத எடுங்க” என்று அனுப்பிவிட்டார். வியாபாரி இப்படிச் சொல்கிறாரே என்று எங்களுக்கு ஆச்சரியம்தான்.

காலை 11 மணிக்குப் புட்டியில் மோந்தபோது மூன்று பேருக்குமே ரோஜாதான் முதல். வெட்டிவேர் கொஞ்சம் மருந்து மாதிரி இருந்தது. மருக்கொழுந்து தலையைத் தூக்கி அடித்தது. மண் அத்தர் என்பதில் ஒன்றுமே இல்லாத மாதிரி, ஈரச் சட்டியின் வாசனை மட்டும் லேசாக.

12 மணிக்கு ரோஜா பாதி இறங்கிவிட்டது. வெட்டிவேரின் மருந்து நெடி போய், கோடையில் பானைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி குளுமை வந்தது. 3 மணிக்கு ரோஜா இருந்த இடத்தில் மெல்லிய இனிப்பு மட்டும். வெட்டிவேர் இன்னும் ஆழமாயிற்று. ராத்திரி வீடு திரும்பிக் கை கழுவிச் சாப்பிட்ட பிறகும் வெட்டிவேரும் மண்ணும் முழங்கையில் இருந்தன.

அதிசயம் மருக்கொழுந்தில்தான். என் கையில் அது மத்தியானத்துக்குள் பழுத்த பழம் மாதிரி இனிப்பாக மாறியது. நாத்தனார் கையில் காய்ந்த வைக்கோலும் தேயிலையும் கலந்த வாசனை. கைக்குட்டையில் வைத்த துளியோ காலையில் இருந்தபடியே பச்சை இலையாக இருந்தது. ஒரே புட்டி, ஒரே குச்சி! மருக்கொழுந்து எண்ணெய்க்கு இந்தக் குணம் உண்டு, ஆளுக்கு ஆள் மாறி மணக்கும் என்று வெளிநாட்டு வாசனைக் கலைஞர்களே இதைத் தேடி வாங்குகிறார்களாம். நம் தோலின் சூடு, எண்ணெய்ப் பசை, வியர்வை எல்லாம் சேர்ந்துதான் வாசனை. ஆகவே, தோழி மேல் நன்றாக இருந்தது என்று அதே சீசாவை நாமும் வாங்குவது, அவள் ரவிக்கை அளவுக்கு நாமும் தைத்துக்கொள்கிற மாதிரி.

ஏன் இப்படி மாறுகிறது?

வாசனை என்பது காற்றில் பறக்கிற துகள்கள்தான். லேசானவை முதலில் பறந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மணமெல்லாம் கால் மணி, அரை மணி. பூ மணம் இரண்டு மூன்று மணி நேரம். சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணி மாதிரி மரம், வேர், பிசின் வகையெல்லாம் கனமானவை. அவை நாள் பூரா நிற்கும். கலக்கிறவர் இந்த மூன்றையும் அடுக்கடுக்காக வைக்கிறார். கடையில் முதல் நிமிஷத்தில் நாம் மோந்து மயங்குவது மேலடுக்கை மட்டும். நாம் நாள் முழுக்க உடம்பில் வைத்துக்கொண்டு திரியப் போவதோ அடி அடுக்கை. மேலடுக்கைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு, ‘வாசனையே நிற்கலை’ என்று பிறகு குறைப்படுவதில் அர்த்தம் இல்லை.

அத்தர் வடிக்கிற விதம்

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரைப் பக்கம் உள்ள கன்னோஜ், அத்தருக்கே பேர்போன ஊர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பெரிய செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியை மண் குழைத்துப் பூசி அடைத்து, கீழே விறகும் வறட்டியும் எரிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு செம்புப் பாத்திரத்தில் குளிர்ந்து இறங்குகிறது. அந்தப் பாத்திரத்தில் முன்னாலேயே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணத்தை அது குடித்துக்கொள்கிறது. நாள் கணக்கில் புதுப் பூ போட்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நாம் இட்லிப் பானை மூடியில் நீர் கோர்ப்பதைத் தினம் பார்க்கிறோமே, அதே தத்துவம்தான்.

மல்லிகை மாதிரி மென்மையான பூவுக்கு இந்தச் சூடு அவ்வளவாக ஒத்துவராது. அதன் மணத்தைப் பெரும்பாலும் ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு மாதிரி எடுக்கிறார்கள். நம் கோவை, சத்தியமங்கலம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மலிவான ‘மல்லி சென்ட்’ எதுவும் நம் வாசல் பந்தலில் பூத்த மல்லி மாதிரி இல்லாததற்குக் காரணம் புரிகிறதல்லவா?

விலை விஷயத்தில் ஒரு சமையலறைக் கணக்குப் போடலாம். சுத்தமான ரோஜா எண்ணெய் 1 கிலோ எடுக்க சுமார் 4000 கிலோ பூ வேண்டும். அதாவது 1 கிராமுக்கு 4 கிலோ பூ. பூக்கடையில் 4 கிலோ ரோஜா என்ன விலை என்று நமக்குத் தெரியும். ‘அசல் ரோஜா எண்ணெய்’ என்று ஒரு பாட்டிலைச் சொற்ப விலைக்கு நீட்டினால், அது அசலாக இருக்க முடியுமா என்று நாமே தீர்மானித்துவிடலாம். சந்தன எண்ணெய் விலையும் ஏறிப்போனதால், அதற்குப் பதில் மணமில்லாத பாரஃபின் எண்ணெயில் வடிப்பதும் செயற்கை வாசனை சேர்ப்பதும் இப்போது சகஜம். கலவை விற்பது குற்றமில்லை. கலவையை அசல் விலைக்கு விற்பதுதான் குற்றம். நாங்கள் போன கடை பாய், “இது சுத்தம், இது கலவை, இது வெறும் கெமிக்கல்” என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி, தனித்தனி விலை சொன்னார். அப்படிச் சொல்கிற கடைதான் நல்ல கடை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. பரீட்சை செய்யப் போகிற அன்று தலையில் வாசனை எண்ணெய், முகத்தில் பவுடர், பூ எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுப் போங்கள்.

2. ஒரு நாளில் மூன்று, மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் மூக்கு மரத்துவிடும். நடுவில் காப்பிக்கொட்டையை மோந்து பார்க்கச் சொல்வார்கள். சாதாரணக் காற்றை மோந்து பார்ப்பதைவிட அதில் விசேஷ லாபம் ஒன்றும் இல்லை என்று ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். கடை வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும்.

3. தொட்டு வைத்த இடத்தைத் தேய்க்காதீர்கள். தானே ஆறட்டும். தேய்த்தால் சூடாகி மேல் மணம் சீக்கிரம் பறந்துவிடும்.

4. ஒரு மணி, மூன்று மணி, ராத்திரி என்று மூன்று வேளை மோந்து பாருங்கள். ராத்திரியும் பிடித்திருந்தால் வாங்கலாம்.

5. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டு வையுங்கள். இரண்டு நாள் கழித்தும் வடை எண்ணெய் மாதிரி பெரிய கறை அப்படியே இருந்தால் சாதாரண எண்ணெய் அதிகம் என்று ஊகிக்கலாம். ஆனால் சந்தனமும் வெட்டிவேரும் இயல்பாகவே மெதுவாக ஆறும். ஆகவே இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நிறமும் அப்படித்தான். செம்பில் வடித்த வெட்டிவேர் எண்ணெய் பச்சையாக இருக்கும் என்பது உண்மை. பச்சைச் சாயமும் பச்சையாகத்தான் இருக்கும்!

6. முதல் தடவை ஒரு தோலா, அதாவது சுமார் 12 மில்லி புட்டி வாங்க வேண்டாம். 3 மில்லி போதும். அத்தரை ஒரு நாளைக்கு ஒரு துளிக்கு மேல் வைக்கத் தேவையில்லை. அந்தக் குட்டிப் புட்டியே இரண்டு மாதம் வரும்.

7. பட்டுப்புடவையில் படக் கூடாது. கறை போகாது. மணிக்கட்டிலும் காது மடலுக்குப் பின்னாலும் வைத்துக்கொண்டு, ஆறிய பிறகு புடவை கட்டுங்கள்.

8. புட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காமல் பீரோவுக்குள், குழந்தைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

தோல் ஒத்துக்கொள்ளுமா?

‘இயற்கைப் பொருள்தானே, ஒன்றும் செய்யாது’ என்பது தவறான எண்ணம். சேப்பங்கிழங்கும் இயற்கைதான், கை அரிப்பதில்லையா? வாசனை எண்ணெய் எதுவானாலும் சிலருக்குத் தோல் சிவந்து தடிக்கும். வாங்கியதும் முன்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ கொப்புளமோ வந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதை ஒதுக்கிவிடுங்கள். அடங்காவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். எலுமிச்சை வகைத் தோல்களைப் பிழிந்து எடுத்த எண்ணெய் சேர்ந்ததைக் கழுத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கருந்திட்டு விழலாம். அதைத் துணியில் வைத்துக்கொள்வது நல்லது.

பீச்சுகிற சென்ட்டில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். விளக்கு, அடுப்பு, கற்பூரத் தட்டு அருகில் அதை அடிக்கவே கூடாது. குப்பென்று பற்றிக்கொள்ளும். அத்தரில் ஆல்கஹால் இல்லை. ஆனாலும் நெருப்புப் பக்கம் எண்ணெய்ப் புட்டி எதற்கு?

கைக்குழந்தை வீட்டில்

பாய் அந்தப் பெண்ணின் கையில் அத்தர் வைக்காததை முதலில் அவள் கொஞ்சம் தாங்கலாகத்தான் எடுத்துக்கொண்டாள். “ஏன் அத்தை, எனக்கு மட்டும் இல்லையா?” என்றாள். ஆனால் அவர் செய்ததுதான் சரி. பிறந்த குழந்தைக்குக் கண் சரியாகத் தெரிவதற்கு முன்பே மூக்கு தெரியும். 1975ல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேன் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். தாயின் பால் நனைந்த துணியை ஒரு பக்கமும் வேறொரு தாயின் துணியை மறுபக்கமும் வைத்தபோது, ஆறு நாள் குழந்தைகள் தங்கள் தாயின் துணிப் பக்கமே அதிகமாகத் திரும்பின. அம்மாவின் வாசனைதான் குழந்தைக்கு முகவரி. அதை அத்தரால் மறைப்பானேன்? பால் கொடுக்கிற நாளில் மார்பு, கழுத்து, தோள் இந்த இடங்களில் எந்த வாசனையும் வேண்டாம். ஆசையாக இருந்தால் கைக்குட்டையில், இல்லாவிட்டால் வெளியே போகும்போது முந்தானை நுனியில் சிறு பொட்டு. அத்தோடு சரி.

குழந்தையின் உடம்பில் அத்தர், சென்ட், ஜவ்வாது எதுவும் தடவ வேண்டாம். தோல் மெல்லியது, மூச்சுக்குழல் அதைவிட மெல்லியது. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எந்தப் புகையும் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. துணியால் நன்றாகத் துவட்டினாலே தலை காய்ந்துவிடும். வீட்டில் இழுப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் பெரியவர்களும் நெடி அதிகமான எதையும் தவிர்க்க வேண்டும்.

கற்பூரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சளிக்கு என்று துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவது, எண்ணெயில் கரைத்து மார்பில் தடவுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. சின்னத் துண்டு கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. குழந்தை கற்பூரத்தையோ வாசனை எண்ணெயையோ வாயில் போட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மூக்கு நமக்குக் காவல்

கண்ணுக்கும் காதுக்கும் கொடுக்கிற மரியாதையை நாம் மூக்குக்குக் கொடுப்பதில்லை. 2020ல் கொரோனா வந்து எத்தனையோ பேருக்கு வாசனை போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது. பால் திரிந்தது தெரியாது, சாதம் அடிப்பிடித்தது தெரியாது, காஸ் கசிந்தாலும் தெரியாது. சமையல் காஸுக்கு இயல்பில் நெடி இல்லை. நம்மை எச்சரிக்கத்தான் அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். மூக்கு மந்தமானவர் தனியாகச் சமைத்தால் எவ்வளவு ஆபத்து!

இதற்கு ஓர் எளிய பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர் தாமஸ் ஹும்மலும் அவர் குழுவினரும் 2009ல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நாலு வாசனைகளை, காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில விநாடி கவனமாக மோந்து பார்க்க வேண்டும். 12 வாரம் விடாமல் செய்தவர்களில் பலருக்கு முன்னேற்றம் இருந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வாசனை திடீரென்று போனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஆனால் நாலும் நம் வீட்டில், கூப்பிடு தூரத்துக் கடையில் கிடைக்கிற பொருள்தானே!

வாசனை யாருக்கு?

நாத்தனாரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவர் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் பூ வைப்பதில்லை, சந்தனம் தொடுவதில்லை. யாரும் வாயால் ‘கூடாது’ என்று சொல்லவில்லை. சொல்லாமலே தாம்பாளம் அவரைத் தாண்டிப் போய்விடும். கல்யாண வீட்டில் பன்னீர்ச் சொம்பும் அப்படியே. கடையில் அவர் கையை நீட்டாமல் நின்றதும் அதனால்தான்.

சாயங்காலம் மறுபடி கடைக்குப் போனபோது, எங்களுக்கு முன்னால் அவர் கேட்டார்: “அந்த மண்ணு புட்டி இருக்கா பாய்?”

அந்த அத்தரைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த களிமண்ணைச் சில்லுகளாகத் தட்டி, லேசாகச் சுட்டு, பூவைப் போடுகிற அதே செம்பு அண்டாவில் போட்டு வடிக்கிறார்கள். முதல் மழையின் மண்வாசனைதான் அந்த எண்ணெய். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளும், காய்ந்த காலத்தில் மண்ணும் கல்லும் உறிஞ்சி வைத்திருக்கிற எண்ணெய்களும் ஈரம் பட்டதும் கிளம்புவதுதான் அந்த மணம். 1964ல் ஆஸ்திரேலியாவில் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள்தான் இதற்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பெயர் வைப்பதற்கு வெகு முன்பே கன்னோஜ்காரர்கள் அதைப் புட்டியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு அந்த வாசனை வேறு ஒன்றையும் சொல்லும். 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, ஜூன் 12 என்றால் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும், குறுவைக்குத் தண்ணீர் திறக்கிற நாள். தேதி முன்னே பின்னே போகும், சில வருஷம் தண்ணீரே வராது. வருகிற வருஷத்தில், வெடித்துக் கிடந்த வயலில் வாய்க்கால் தண்ணீர் முதன்முதல் ஏறும்போது ஒரு மணம் கிளம்புமே, அந்த மணம்தான் அந்தப் புட்டியில் இருந்தது. நாத்தனார் கணவர் கடைசி வரையில் வயலில் நின்றவர்.

“அக்கா, உங்களுக்கா?” என்று கேட்டேன்.

“பூதானே வைக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க? மண்ணை யார் வேணாம்னா?” என்றார்.

பாய் ஒன்றும் கேட்கவில்லை. புட்டியை நிரப்பி, கொஞ்சம் பஞ்சில் ஒரு துளி தோய்த்துத் தனியாகவும் கொடுத்தார். அந்தப் பஞ்சு இப்போது நாத்தனாரின் புடவைப் பெட்டியில் இருக்கிறது. தினம் காலை குளித்ததும் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் போனால்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தால் போதாதா?

வாசனை ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நல்ல அத்தர் அப்படி இல்லை. அது போட்டுக்கொண்டவருக்காக. அடுப்படி வேலை, துணி துவைப்பு, பிள்ளைகளின் பாடம் என்று ஓடுகிற நாளில், கையைத் தூக்கிக் கூந்தலை முடியும்போது ஒரு கணம் தனக்கென்று வருகிற மணம். சுமங்கலியோ இல்லையோ, வயது இருபதோ எழுபதோ, அந்த ஒரு துளி எந்தப் பெண்ணுக்கும் உரியதுதான்.

உங்கள் வீட்டிலும் தாம்பாளம் தாண்டிப் போகிற ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை வாசனை வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கையிலும் ஒரு துளி வைத்து, அரை நாள் காத்திருந்து, எது பிடித்தது என்று அவரையே கேளுங்கள்.